மூன்று கம்பெனிக்கு ஒரு கையெழுத்து

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் முதலில் மோந்துதான் பார்ப்பார். கண்ணாடி மாட்டுவது, டார்ச் அடிப்பது எல்லாம் அதற்கப்புறம். புதுப் பெட்டியில் பிளாஸ்டிக் பையின் வாடை இருக்கும். மழைத் தண்ணீர் இறங்கிய பெட்டி, ஈரச் செருப்பு வைத்த அலமாரி மாதிரி வீசும். உள்ளே எதுவோ கருகியிருந்தால் அது மூக்கின் உச்சியில் போய்க் குத்தும். "மீட்டரைக் கேக்கறதுக்கு முன்னாடி மூக்கைக் கேட்டுடணும்" என்பார்.

சிறு விமானங்களில் ரேடியோ, திரை, விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட் போன்ற கருவிப் பெட்டிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். வயது ஐம்பத்து மூன்று. விமானக் கொட்டகையில் எல்லோருக்கும் அவர் ஒயரக்கா. அறுபதைத் தாண்டிய எஞ்சின் மெக்கானிக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார். முன் இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, பேனலுக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டால் ஒயரக்காவின் கால்கள் மட்டும்தான் கதவுக்கு வெளியே தெரியும். ஒரு காலில் பச்சை சாக்ஸ், மற்றதில் பழுப்பு. கேட்டால், "ரெண்டும் சாக்ஸ்தானே" என்று பேனலுக்கு அடியிலிருந்து பதில் வரும்.

வீட்டிலும் இதே கதைதான். மிக்ஸியின் மோட்டார் ஒரு கம்பெனி, ஜார் வேறு கம்பெனி. இடையில் பொருந்தாத பல்லை அரம் வைத்துத் தேய்த்துச் சேர்த்துவிட்டார். ஒன்பது வருஷமாக ஓடுகிறது. டிவிக்கு வாங்கிய ரிமோட்டில் மின்விசிறி சுற்றுகிறது. கணவர் பள்ளியில் பூகோளம் நடத்தும் ஆசிரியர். எதற்கும் அதற்கென்று ஓர் இடம் வேண்டும் அவருக்கு. "இந்த வீட்ல எந்தப் பாத்திரத்துக்கும் அதோட சொந்த மூடி கிடையாது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் கையில் கொடுப்பார்.

ஆனால் விமானத்தில் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது, மிக்ஸி ஜாரை அரத்தால் தேய்க்கிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் பெட்டியும் தன் சொந்தக்காரப் பெட்டிகளோடு நன்றாகப் பேசும். அயலாரிடம் பாதி பேசும், பாதியை முழுங்கிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே அரசாங்க அனுமதி உண்டு. மூன்று கம்பெனிப் பெட்டிகள் ஒரே பேனலில் ஒன்றையொன்று கெடுக்காமல் வேலை செய்கின்றன என்று எந்தக் கம்பெனியும் எழுதித் தருவதில்லை. அந்த வரிக்குக் கீழே ஒயரக்காவின் கையெழுத்துதான் விழும்.

போன வருஷம் மாட்டு டாக்டரின் விமானத்தில் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டார்.

மாட்டு டாக்டருக்குச் சொந்தமாக நாலு பேர் உட்காரும் விமானம் ஒன்று உண்டு. சாலை போகாத பண்ணைகளுக்கு அதில்தான் போய் வருவார். பல வருஷம் அவர் மனைவி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். மனைவிக்குக் காதில் ஆபரேஷன் ஆகி, பறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து டாக்டர் தனி ஆள். வரைபடமும் பார்க்க வேண்டும், ரேடியோவிலும் பேச வேண்டும், விமானத்தையும் பிடிக்க வேண்டும். அதனால் ஒரு புதுத் திரையும் புது ரேடியோவும் வேண்டும் என்று வந்தார். பழைய ஆட்டோபைலட்டை மட்டும் கழற்றக் கூடாது என்றார். பதினெட்டு வருஷமாகத் தன்னை ஏமாற்றாத ஒரே ஆள் அதுதான் என்பது அவர் கட்சி.

கொட்டகை முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே கம்பெனியின் செட்டைப் பொருத்தினால், ஏதாவது கோளாறு என்றால் ஒரே இடத்துக்குப் போன் செய்தால் போதும் என்றார். அது நியாயமான பேச்சுத்தான். ஒயரக்கா பழைய ஆட்டோபைலட்டின் பெட்டியைத் திறந்து மோந்தார். ஒரு நாற்றமும் இல்லை. இரண்டு நாள் வைத்துச் சோதித்தார். ஊசி பிசகவில்லை.

"நல்லா இருக்கறவரை எதுக்கு வெளிய அனுப்பணும்? எல்லாம் ஒரே கம்பெனியா இருந்தா, ஒருத்தர் தப்புப் பண்ணா எல்லாரும் சேர்ந்துக்குவாங்க முதலாளி" என்றார்.

அப்படியாகப் புதுத் திரை ஒரு கம்பெனி, ரேடியோ இன்னொரு கம்பெனி, ஆட்டோபைலட் மூன்றாவது கம்பெனி என்று முடிவானது. ஒயரக்கா பெட்டிகளுக்குப் பேர் வைத்துத்தான் வேலையைத் தொடங்குவார். ஆட்டோபைலட் பெரியவர். ரேடியோ வாயாடி. திரைக்கு ஏனோ பேர் அமையவில்லை. புதுசு என்றே நின்றுவிட்டது. புதுசு எண்களில் பேசும். பெரியவருக்குத் தெரிந்ததெல்லாம் மின்னழுத்தம் கூடுவதும் குறைவதும்தான். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று மாற்றிச் சொல்ல, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குப் பேர் துபாஷி.

ஐந்து வாரம் ஆனது. கணவரின் பள்ளியில் மிஞ்சிய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு பேச வேண்டும் என்று வரைந்து, சமையலறைத் தரையில் பரப்பி வைத்திருந்தார். கணவர் அவற்றைத் தாண்டித் தாண்டிக் குதித்துத்தான் அடுப்புக்குப் போனார். எல்லாம் முடிந்து, தரையில் சோதித்து, சோதனை விமானி ஒருவர் பறந்து பார்த்து, கையெழுத்தும் ஆனது. டாக்டர் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

மூன்றாவது வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. மாட்டுக்கு இருமல் எப்போது வருகிறது என்று விவரிக்கிற அதே நிதானத்தில் சொன்னார். ரேடியோவில் பேசும்போது விமானத்தின் மூக்கு கொஞ்சம் தாழ்கிறது. முதலில் காற்று என்று நினைத்தாராம். நேற்று மேகத்துக்குள் இருந்தபோது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருந்தது. எஞ்சின் சத்தம் மாறியதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தால், முந்நூறு அடி இறங்கியிருந்தது. கீழே மலை.

ஒயரக்கா அடுப்பை அணைத்தார்.

"நீங்க பேசறப்பவா, அவங்க பேசறப்பவா?"

"நான் பேசறப்ப."

"நிறுத்தினதும் சரியாயிடுதா?"

"ஆயிடுது. அதான் நானும் விட்டுட்டேன்."

பெரியவரைத் தூங்க வைத்துவிட்டு, கையால் ஓட்டி, வெயில் நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார். அன்றைக்கு வீட்டில் யாரும் அவரோடு பேச்சுக் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் காதில் விழுந்திருக்காது.

திரைக் கம்பெனிக்குப் போன் செய்தார். எங்கள் பெட்டியில் ஒன்றும் இருக்காது, ரேடியோக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். ரேடியோக் கம்பெனி ஆட்டோபைலட்டைக் கை காட்டியது. ஆட்டோபைலட் கம்பெனியில் போனை எடுத்தவர் அந்த மாடல் வெளிவந்த பிறகு பிறந்தவர். அப்படி ஒன்றை நாங்கள் செய்தோமா என்று இவரையே திருப்பிக் கேட்டார். முதலாளி, தான் அப்போதே சொன்னதை நினைவுபடுத்தவில்லை. ஆனால் நினைவுபடுத்தாமல் இருப்பது தெரியும்படி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். தரையில் வைத்துப் பார்த்தபோது கோளாறு தலைகாட்டவில்லை. முதல் நாள் முழுக்க ஒன்றுமில்லை. மறுநாள் சனிக்கிழமை. கணவருக்குப் பள்ளி விடுமுறை. அவரை அழைத்துப்போய் விமானி இருக்கையில் உட்கார வைத்தார். கோபுரத்தில் சொல்லி, யாரும் பயன்படுத்தாத ஓர் அலைவரிசை வாங்கினார். எஞ்சின் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டார். கணவர் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒன்று, இரண்டு என்று எண்ணி அலுத்துப்போன கணவர், உலக நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்துக் கோபுரத்திலிருந்து ஒரு குரல், அதில் ஒரு தலைநகரம் தப்பு என்று பணிவாகத் திருத்தியது. கணவருக்கு அது இரண்டு நாள் ஆறவில்லை.

பின்னிருக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒயரக்கா குப்புறப் படுத்திருந்தார். கையில் ஊசி வைத்த பழைய மீட்டர். எண் காட்டும் மீட்டரில் தெரியாதது ஊசியில் தெரிந்தது. கணவர் பேசும்போதெல்லாம் ஊசி நூல் அளவுக்கு நகர்ந்தது. வாயை மூடினால் திரும்பியது. துபாஷியிலிருந்து பெரியவருக்குப் போகும் ஒயர் அது.

"ஏங்க, இன்னொரு நாடு சொல்லுங்க" என்றார். ஊசி நகர்ந்தது. "போதும்."

வெளியே வந்து, கையேடுகளைப் பெஞ்சில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஒயரின் மேல் குறுக்குச் சத்தம் புகாமலிருக்க மெல்லிய வெள்ளிக் கம்பி வலை ஒன்று சுற்றியிருக்கும். வலையின் இரண்டு முனையையும் விமானத்தின் உடம்போடு சேர்க்க வேண்டும் என்கிறது புதுக் கம்பெனி. ஒரே ஒரு முனையைச் சேர்த்தால் போதும், மற்றதைத் தொடாதே என்கிறது பழைய கம்பெனி. அவரவர் வீட்டுக்கு அவரவர் சொல்வது சரி. இந்த ஒயருக்கு ஒரு முனை புதுக் கம்பெனியின் துபாஷியில், மறுமுனை பழைய கம்பெனியின் பெரியவரிடம். ஒயரக்கா இரண்டையும் சேர்த்திருந்தார். அதனால் வாயாடி வாய் திறக்கும்போதெல்லாம் அதன் மின்சாரத்தில் கொஞ்சம் இந்த வலை வழியாகவும் ஓடியது. இறங்கு என்று யாரோ சொன்னதாக எண்ணிப் பெரியவர் இறங்கினார்.

தெரியாமல் செய்ததாக இருந்தால் மனது இவ்வளவு கனத்திருக்காது. பழைய கையேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது. அவர் போட்டதுதான். கேள்வி வந்திருக்கிறது, பதில் தேடாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார்.

கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வலையின் ஒரு முனையை வெட்டி, நுனியைச் சுற்றி மூடினார். கணவர் பேசினார். ஊசி அசையவில்லை. மொத்தமாக ஐந்து நிமிஷ வேலை.

முதலாளி முகம் தெளிந்தது. சின்னச் சரிக்கட்டல் என்று பதிவேட்டில் எழுதிவிடலாம், டாக்டருக்கும் அவ்வளவு விவரம் தேவையில்லை என்றார். ஒயரக்கா பதிவேட்டை வாங்கி, எந்த முனை, எந்த ஒயர், எப்போது யார் தவறாகச் சேர்த்தது என்று தன் உரிமத்தின் எண்ணோடு நாலு வரி எழுதினார். பிறகு டாக்டருக்குப் போன் செய்தார்.

"டாக்டர், மூணு கம்பெனியும் சரியாத்தான் இருக்கு. தப்பு என்மேல. யோசிக்க வேண்டிய இடத்துல யோசிக்காம ஒயரைச் சேர்த்துட்டேன். மலை இருந்துச்சுன்னு சொன்னீங்க. அது எனக்கு மனசுலேயே இருக்கு."

டாக்டர் கோபக்காரர் இல்லை. ஆனால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்கிறவரும் இல்லை.

"நாளைக்குக் காலையில பறந்து பார்க்கலாம். நீங்களும் வாங்க. உங்களோடதான் பறப்பேன்" என்றார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒயரக்காவுக்குப் பறப்பது ஒத்துக்கொள்ளாது. பத்தொன்பது வருஷத் தொழிலில் நாலே தடவைதான் ஏறியிருக்கிறார். நாலு தடவையும் வயிறு வாய்க்கு வந்துவிட்டது. அதற்குத்தான் சோதனை விமானி. இருந்தாலும் வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு, கணவர் மடித்துக் கொடுத்த காகிதப் பைகளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போனார்.

பக்கத்து இருக்கையில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். விமானம் எழும்பி நேரானதும் டாக்டர் பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்திக் கோபுரத்தை அழைத்து, தன் உயரத்தைச் சொன்னார். உயர எண் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் நீளமாகப் பேசினார். இடப்பக்கம் திருப்பிப் பேசினார். வலப்பக்கம் திருப்பிப் பேசினார். ஏறும்போது பேசினார். எண் அசையவில்லை. ஒயரக்காவின் முகம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. முதல் பை நிரம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை.

"சரியாயிடுச்சும்மா. திரும்பிடலாமா?" என்றார் டாக்டர், அவர் முகத்தைப் பார்த்து.

ஒயரக்கா இரண்டாவது பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. திரையில் இருந்த எண்ணிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. மற்றக் கையைத் தூக்கி, இன்னொரு தடவை என்று ஒரு விரலைக் காட்டினார்.