பேச்சி டீச்சர் காலையில் கேட்ட கேள்வி

காலைப் பிரார்த்தனை முடிந்து பாலர் வகுப்புப் பிள்ளைகள் களிமண் பிசைந்துகொண்டிருந்தபோது மாயாண்டி அண்ணன் வாசலில் வந்து நின்றார். அவர் எங்கள் பள்ளியின் பியூன். எப்போதும் நேராக உள்ளே வந்துவிடுகிறவர், அன்று நிலைக்கு வெளியிலேயே நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோச்சடையில இருந்து ஆள் வந்திருக்கு. நம்ம பேச்சி டீச்சரம்மா தவறிட்டாகளாம்."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். "பொம்பளைக சமாச்சாரம். எனக்கு என்னத்தத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியையின் அறைப்பக்கம் போய்விட்டார். ஒரு பையன் தன் களிமண் கோழிக்கு மூக்கு ஒட்டவில்லை என்று என் சேலையைப் பிடித்து இழுத்தான். நான் குனிந்து மூக்கை ஒட்டிக் கொடுத்தேன்.

பேச்சியம்மாள் டீச்சர் பிரசவத்தில் இறந்தார். பள்ளி ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னவர்கள், "சில காலம் உடல்நலம் குன்றியிருந்து" என்று போட்டால் போதும் என்றார்கள். அவர் உடல்நலம் குன்றியிருக்கவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று இருந்ததைப் போல அவ்வளவு நலமாக அவரை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வெட்கத்தை எடுத்து அவர் மேல் போர்த்தும் காரியத்தை அவர் உயிரோடு இருந்தபோதே ஒரு முறை செய்துவிட்டோம். இன்னொரு முறை செய்ய எனக்கு மனமில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோச்சடையில் வைகைக் கரையை ஒட்டி வயல் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்து, எங்கள் பள்ளியில் பாலர் வகுப்பு தொடங்கியபோதே வேலைக்கு வந்தார். கணவர் மில்லில் குமாஸ்தா. நல்ல உயரம், வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவது நான்காம் வகுப்பு வரை கேட்கும்.

நான் அவருக்கு உதவியாசிரியையாக வந்து சேர்ந்த வாரத்தில், விதை முளைப்பதைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்தேன். வேருக்கு ஒரு நிறம், தோலுக்கு ஒரு நிறம், பருப்புக்கு ஒரு நிறம். பாதி நாள் பிடித்தது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. அப்படியே அம்மன் கணக்கா இருக்கு. பிள்ளைக விழுந்து கும்பிடப் போகுது, அழிச்சிராத."

மறுநாள் அதற்குக் கீழே செவ்வந்திப் பூ ஒன்று இருந்தது; யாரோ ஒரு குழந்தை வைத்தது என்று நினைத்தேன். வைத்தது அவர்தான் என்று வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

பாடம் என்று அவர் தனியாக ஒன்றும் நடத்தியதில்லை. தொட்டியில் அவரை விதை இருக்கும், மண்சட்டித் தண்ணீரில் தலைப்பிரட்டை இருக்கும். தினமும் காலையில் பிள்ளைகளை அதைச் சுற்றி உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்பார்: "நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?" இலை விரிந்திருந்தால் பிள்ளைகள் சொல்வார்கள். பின்னங்கால் முளைத்திருந்தால் கத்துவார்கள். எதுவும் மாறாத நாட்களே அதிகம். அப்போது "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலை அவர் மற்றப் பதில்களுக்குச் சமமாகத்தான் வாங்கிக்கொள்வார். "சரியாப் பாத்திருக்கீக" என்பார். நாளடைவில் பிள்ளைகளுக்கு அதுதான் பிரியமான பதிலாகிவிட்டது. ஒரே குரலில் "ஒண்ணுமில்ல" என்று இழுத்துச் சொல்லிவிட்டு அவர்களே சிரிப்பார்கள்.

போன வருஷம் கோச்சடையிலிருந்து ஜட்கா வண்டியில் அடைக்கோழி ஒன்றைக் கூடையோடு கொண்டுவந்தார். வகுப்பு மூலையில் மணலும் வைக்கோலும் பரப்பி முட்டைகளின் மேல் அதை உட்கார வைத்தார். அந்தக் கோழிக்காக எங்கள் பிள்ளைகள் நுனிக்காலில் நடந்தார்கள். எங்கள் கூரையில் ஓர் ஓடு விலகி இருக்கும்; அதன் வழியே காலை வெயில் கம்பிபோல வகுப்பு நடுவில் இறங்கும். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஒரு முட்டையை எடுத்துக் கையைக் குழலாக்கி அந்த வெயிலுக்கு நேரே பிடித்தார். உள்ளே சிவப்பாக நூல் நூலாகத் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி. குடைக் கடைக்காரரின் மகள் ஜமீலா அது முட்டையின் கண் என்றாள். இருக்கலாம் என்றார். பிறகு அவளுடைய விரல்களை அதே வெயிலில் பிடித்துக் காட்டினார். ஓரமெல்லாம் அதே சிவப்பு. "ஒனக்குள்ளயும் அதுதான் ஓடுது" என்றார். அன்று முழுவதும் பிள்ளைகள் கையை வெயிலில் நீட்டிக்கொண்டே திரிந்தார்கள்.

எல்லா முட்டையும் பொரித்தன, ஒன்றைத் தவிர. அது கூமுட்டை, தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். ஜமீலா விடவில்லை. அவள் போதும் என்று சொல்லும் வரை அக்கா காத்திருந்தார். பின்பு கொல்லையில் வைத்துப் பிள்ளைகள் முன்னாலேயே உடைத்தார். நாற்றத்துக்குத் தலைமையாசிரியையே வந்துவிட்டார். இதையெல்லாம் சின்னஞ்சிறிசுகளுக்குக் காட்ட வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் நினைவிருக்கிறது: "பொரிச்சத மட்டும் காட்டுனா பாதியத்தானம்மா காட்டுனதாகும்."

கோழி சரியாக உட்காரவில்லையா, யார் தப்பு என்று பிள்ளைகள் கேட்டார்கள். "யார் மேலயும் தப்பு இல்ல. அம்புட்டும் வளரும்னு இல்ல, சிலது நின்னு போயிரும்" என்றார். அதை வேப்ப மரத்தடியில் புதைத்தோம்.

கல்யாணமாகிப் பல வருஷங்கள் அவருக்குக் குழந்தை இல்லை. ஊர்க் குழந்தைகளை மேய்க்கிறவளுக்குச் சொந்தத்தில் ஒன்றில்லை என்று காதுபடவே பேசியவர்கள் உண்டு. பிறகு அவர் வயிற்றில் குழந்தை வந்தது. நாங்கள் ஆசிரியைகள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சந்தோஷப்பட்டோம். வயிறு தெரியத் தொடங்கியதும் ஜமீலா அவர் மடிப்பக்கம் சாய்ந்து, உள்ளே முட்டை இருக்கிறதா என்று கேட்டாள்.

"முட்டை இல்லடி, பாப்பா. நீ ஒங்கம்மா வயித்துக்குள்ள இருந்தேல்ல, அது மாதிரி. இப்ப இம்புட்டு இருக்கும்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகம் சுட்டது. அன்றிலிருந்து காலைக் கேள்வியில் டீச்சரின் வயிறும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் ஒண்ணுமில்ல. சில நாள், "பெருசாயிருச்சு."

சுந்தரம் என்ற பையனின் வீட்டுக்கு விருந்தாளியாக ஒரு பெரியவர் வந்திருக்கிறார். கோயில் காரியங்களில் முன்னிற்பவர், தொந்தி உள்ளவர். சுந்தரம் அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒங்களுக்கு எப்பப் பாப்பா பெறக்கும்?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டான். அவர் மறுநாளே புகாரோடு பள்ளிக்கு வந்தார். மாயாண்டி அண்ணன் அவரை உள்ளே விட்டுவிட்டு வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டுத்தான் வந்தார்.

எங்கள் சிரிப்பெல்லாம் அத்தோடு நின்றது. முதலில் நிர்வாகத்தார், டீச்சர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே வகுப்பு எடுக்க வேண்டும், சேலையைச் சுற்றிப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஆடி மாதத்தில், இன்னும் வேலை செய்ய முடிகிறபோதே, பிரசவம் முடியும் வரை வர வேண்டாம் என்றார்கள். தலைமையாசிரியை கடுமையானவர் அல்ல; அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அதைச் சொன்னபோது அவர் அறையில் நானும் இருந்தேன். அக்கா குரலை உயர்த்தாமல், சோறு தின்பதற்கு யாராவது வெட்கப்படுகிறோமா, இதற்கு மட்டும் ஏன் என்று கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியை நேராக வைத்துக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பு முடிந்து கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவர் கடைசியாக வந்து போன சாயங்காலம், ஜட்காவில் ஏறுவதற்கு முன் என்னை அருகில் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கேப்பாங்க. ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிராத, என்ன. பாப்பா பெத்து எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லு. காலையில அந்தக் கேள்வியையும் விட்டுராம கேளு தாயி."

தலையாட்டினேன். வண்டி திரும்பும் வரை வளையல் சத்தம் கேட்டது.

நான் நிறையப் படிப்பவள். பிள்ளைப்பேற்றை விரிவாகச் சொல்லும் கதைகளை முகம் மாறாமல் படித்திருக்கிறேன். மறுநாள் நான்கு வயதுக் குழந்தை ஒன்று கேட்டபோது, வயிறு, பேறு என்ற எந்தச் சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை. "ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். எதற்கு என்று கேட்டாள் ஜமீலா. "சும்மா" என்றேன். காலைக் கேள்வியையும் நிறுத்திவிட்டேன். கேட்டால் முதல் பதிலாக அவர் இல்லாததைத்தான் சொல்வார்கள். தொட்டியில் அவரைக்கொடி பந்தலைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் அதைச் சுற்றி உட்காரவில்லை.

செய்தி வந்த பின் ஞாயிற்றுக்கிழமை கோச்சடைக்குப் போனேன். குழந்தை பிழைத்திருந்தது. பெண். பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையோடு சேர்த்து அதற்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் தாயார் என்னை யாரென்று தெரிந்துகொண்டதும் அழவில்லை. குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டார்.

"வலி எடுக்குற வரைக்கும் ஒங்க பள்ளிக்கொடத்துப் பேச்சுத்தான். பிள்ளைகட்ட எல்லாம் வெவரமாச் சொல்லியிருக்கேன், தினம் காத்துக்கிட்டு இருக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. சொல்லிட்டியா தாயி நீ?"

எதைச் சொல்வதைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவர் மகள் காத்திருக்கச் சொன்ன செய்தியையா, காத்திருக்க வேண்டாம் என்ற செய்தியையா? இரண்டையும் நான் சொல்லியிருக்கவில்லை. வாசல் வெயில் குழந்தையின் பின்னால் விழுந்தது. அதன் காது மடல் சிவப்பாக, நூல் நூலாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாவு விழுந்த வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. அதனால் எதுவும் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், தானாக மறந்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் நான் பிள்ளைகளைத் தொட்டியைச் சுற்றி உட்காரச் சொன்னேன். நீண்ட நாளுக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?"

எவ்வளவு ஆசையாக இருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கொடியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எல்லோரும் சேர்ந்து, இழுத்து, "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

"இருக்கு" என்றேன். பேச்சி டீச்சருக்குப் பாப்பா பிறந்துவிட்டது என்று சொன்னேன். பாப்பாவைப் பெறும்போது டீச்சர் இறந்துபோனார் என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே மெலிதாகத்தான் கேட்டது. சுந்தரம், பாப்பாவும் நின்றுபோய்விட்டதா என்று கேட்டான். இல்லை, அது இருக்கிறது, பால் குடிக்கிறது என்றேன். கூமுட்டைக்குக் கேட்டதுபோல, யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஜமீலா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்க?"

"பொய் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"வெக்கமா இருந்துச்சு."

"பேச்சி டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொடியில் புது இலை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பேரப்பிள்ளைக்குத் தலை நின்றதும் வகுப்புக்குத் தூக்கி வருவதாக அக்காவின் தாயார் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த முறை அதைப் பிள்ளைகளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஓட்டுச் சந்து வழியாக வெயில் இறங்கும் இடத்தில் இப்போது ஜமீலா யாரையும் உட்கார விடுவதில்லை. அது பாப்பாவுக்கு என்கிறாள். பிள்ளைகள் அந்த இடத்தைச் சுற்றி நுனிக்காலில் நடக்கிறார்கள்.

உங்கள் அம்மா கேட்டார்கள். சொல்லிவிட்டேன், அக்கா.