போல்ட்டுக்கும் கவர்

தலையணை உறையின் ஒரு முனையைக் குழாயில் சுற்றிவிட்டு, மறு முனையை இடது கையால் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள் அவள். வலது கை சும்மா துணைக்கு நின்றது. கட்டுப் பிரித்த மணிக்கட்டு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். டம்ளர் தூக்கும், தலை வாரும். முறுக்குகிற பலம் மட்டும் கடைசியில்தான் திரும்பி வரும். அவசரப்படுத்தினால் வராமலே போகும். துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. நாளைக் காலை அது கடைக்கே திரும்பிப் போகிறது.

திருப்பி அனுப்புகிறவர் அவள் கணவர். தெருவில் அவருக்குப் பெயர் கவர்காரர்.

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே அட்டைப்பெட்டி பிரியாமல் இருந்தால் சரக்கு, பிரிந்தால் நஷ்டம். ஓய்வு பெற்றபோது அந்த ஒரே பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேறு எதையும் கொண்டுவரவில்லை. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் சோபாவின் மேல் இருக்கிறது. வெயில் காலத்தில் அதிலிருந்து எழுந்தால் தோல் உரிகிற சத்தம் கேட்கும். டிவி ரிமோட் பாலிதீன் உறைக்குள் மூச்சு முட்டிக் கிடக்கிறது. மூன்றை அழுத்தினால் ஆறு வரும். மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் கடை ஸ்டிக்கரை வைத்துக்கொண்டே வெகுநாள் உலகத்தைப் பார்த்தார். கறை உலகத்தில் இருப்பதாக நினைத்திருப்பார். தங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த தட்டு செட்டை மகள் ஆசையாகக் கேட்டாள். "அது புதுசும்மா" என்றார். மகளுக்கே நரை வந்துவிட்டது.

மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது, கட்டு அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அதன் மேலும் ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டினார். உள்ளே வேர்த்துத் தோல் ஊறி, அரிப்பெடுத்து அவள் துடித்ததுதான் மிச்சம். கட்டு மட்டும் வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதை வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் மெஷின் வந்து இறங்கியது. மாடியில் மரத்தரை. பலகைகளுக்குக் கீழே உத்தரங்கள், அதற்குக் கீழே தையல்காரியின் கடை. முதல் நாள் மெஷின் துணி பிழியத் தொடங்கியதும் வீடு கிடுகிடுத்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று சண்டைக்குப் போயின. மெஷின் சுவரை விட்டு நடந்து வந்து, ஒயர் இழுத்துப் பிடித்த இடத்தில் நின்று குதித்தது. கீழே உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது, யாரோ தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணியில்.

கவர்காரர் வைத்தியத்தில் இறங்கினார். நோயாளியைத் தவிர மற்ற எல்லாருக்கும் வைத்தியம். கால்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டார். மெஷின் விரிப்போடு நடந்தது. தெர்மக்கோலை வைத்தார், அது பொடிப்பொடியாகி வீடெங்கும் பறந்தது. மரத்தரையைத் திட்டினார். மனைவி துணியைத் திணிக்கிறாள் என்றார். கடைசியில் பாரம் வேண்டும் என்று தானே ஏறி மேலே உட்கார்ந்தார். மெஷின் அவரையும் சுமந்துகொண்டு கதவுப் பக்கம் போயிற்று. அவள் சிரிக்கவில்லை. பல் செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

இன்னொரு தடவை தூசி விழுந்தால் வீட்டுக்காரரிடம் போவேன் என்று தையல்காரி வந்து சொன்னாள். அன்றே கவர்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மரத்தரைக்கும் மெஷினுக்கும் ஒத்துவராது. கடைக்காரன், புதுசு போலவே இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றானாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பூரிப்பு மகள் பிறந்தபோதுகூட இல்லை.

"கையாலயே பிழிஞ்சுக்கோ. கைக்கும் பயிற்சி ஆச்சு" என்றார்.

அன்று சாயங்காலம், பரணில் பொத்திவைத்திருந்த அட்டைப்பெட்டியை ஒட்ட டேப் வாங்கப் போனார். போகும்போது மெஷினைக் கீறல் விழாமல் துடைத்து வைக்கச் சொன்னார். தலையணை உறையைக் கொடியில் போட்டுவிட்டு அவள் துணியோடு வந்தாள். நடந்து நடந்து மெஷின் கோணலாகத் திரும்பி நின்றிருந்தது. அதன் முதுகை அவள் அன்றுதான் பார்த்தாள்.

பின்பக்கத் தகட்டில் நாலு இடத்தில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். கிழித்த பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அந்தக் கைவேலை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஒன்றைப் பிரித்தாள். உள்ளே தடித்த போல்ட். பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தில், ஓட்டுவதற்கு முன் கழற்று என்று ஸ்பேனரும் அம்புக்குறியும் குழந்தைக்கும் புரிகிற மாதிரி போட்டிருந்தது. லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்க இறுக்கிவிட்ட போல்ட்டுகள். டிரம்மைத் தொங்கவிடாமல் உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தன. பிறகு அது குதிக்காமல் என்ன செய்யும்? கையைக் காலைக் கட்டிப் போட்டால் மனுஷன்கூடக் கட்டிலை உடைப்பான்.

மெஷினை இறக்கிய பையன்கள் ஸ்பேனரோடு குனிந்ததும், இவர் "கை வைக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று விரட்டியதும் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

அவள் கீழே போய்த் தையல்காரியைக் கூப்பிட்டாள். சண்டைக்குத் தயாராக ஏறி வந்தவள் குனிந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் உங்களைக் கவர் போடாம விட்டு வச்சிருக்காரே, அதுவே பெரிசு."

"போட்டுப் பாத்தாரு. கைக்கு."

ஸ்பேனர் செட் அவரிடமே இருந்தது, சீல் பிரியாமல். அவள் பல்லால் கடித்துப் பிரித்தாள். தையல்காரி நாலு போல்ட்டையும் கழற்றினாள். உள்ளே டிரம் ஒரு ஆட்டம் ஆடித் தன் இடத்தில் தொங்கிற்று.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. மெஷின் நின்றது பலகை நடுவில், மிதித்தால் அமுங்குகிற இடத்தில். உத்தரம் எங்கே ஓடுகிறது என்று கீழேயிருந்து அண்ணாந்து தூசி வாங்கிய தையல்காரிக்குத் தெரியாதா? சுவரோரம் இரண்டு உத்தரங்கள் நெருக்கமாகப் போகின்றன என்றாள். சாப்பாட்டு மேசையை நீட்டுவதற்கென்று வாங்கி ஒருநாளும் நீட்டாத கனத்த பலகை கட்டிலுக்கடியில் உறையோடு கிடந்தது. அதை உரித்து, இரண்டு உத்தரத்துக்கும் குறுக்காகப் போட்டு, மெஷினை அதன் மேல் நகர்த்தினார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்து, தண்ணீர் ஒரு பக்கம் சாயாமல் நிற்கிற வரைக்கும் மெஷினின் கால்களைத் திருகினார்கள். பிறகு ஈரத் தலையணை உறையோடு ஒரு போர்வையையும் போட்டு ஓடவிட்டார்கள். உறுமியது, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

கவர்காரர் டேப்போடு வந்து, ஓடுகிற மெஷினைப் பார்க்கவில்லை. உரித்துப் போட்ட பலகை உறையைத்தான் முதலில் பார்த்தார்.

"போல்ட்டை எதுக்குக் கழட்டின? கம்பெனி போட்டது அது."

"கழட்டணும்னு தெரியுமா தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். கழட்டிட்டா அது பழசு."

அவள் வலது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"இதுவும் பழசுதாங்க. இதை எந்தக் கடையிலயும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

அவர் பலகை உறையை நாலாக மடித்து வைத்தார். கடை வண்டியை வரவேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வண்டி வந்தது. சுமை தூக்குகிறவர்கள் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, போல்ட் போடாமல் ஏற்றினால் டிரம் அடிபடும், அதெல்லாம் எங்களால் முடியாது என்றார்கள். கவர்காரர் பரண், கட்டிலடி, பீரோ எல்லாம் துழாவினார். எங்கே என்று மனைவியைக் கேட்டார்.

"பத்திரமா இருக்கு" என்றாள். அவர் வாயிலிருந்து வாழ்நாள் முழுக்கக் கேட்ட பதில்தான்.

வண்டி காலியாகத் திரும்பியது. கீழே தையல்காரி வெட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு போல்ட்டை வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள். மாடியில் மெஷின் பிழிந்துகொண்டிருந்தது. துணியில் தூசி விழவில்லை.