திண்டுக்கல் விமானப்படையின் வண்ணக் கிடங்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனால், கொடியில் துணிகளுக்கு நடுவே யாருடைய கையோ காலோ காய்ந்துகொண்டிருக்கும். என் அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். யாரும் வாங்கிப் போகாமல் கிடக்கும் பழைய எக்ஸ்ரே தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பனியன் துணியால் துடைத்தெடுப்பார். எலும்பெல்லாம் கரைந்துபோய்த் தெளிவான தாள் மிஞ்சும். சரியாக ஊறாத தாளில் விலா எலும்பு பாதி நிற்கும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல மாந்திரீகம் கீந்திரீகம் பண்றாகளா?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்ததாக அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தத் தாளைச் சூடு காட்டி வளைத்தால் விமானி உட்காரும் இடத்துக்கு மேல்கூண்டு ஆகிவிடும். மச்சான் விமானம் செய்கிறவர். நிஜ விமானம் இல்லை, உள்ளங்கையில் வைக்கிற மாதிரி விமானம்.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டில் எந்தப் போரில் எந்த விமானம் என்ன வண்ணத்தில் பறந்ததோ அதை அப்படியே கொண்டுவரப் பாடுபடுவார்கள். மச்சான் அந்தக் கட்சி இல்லை. நடக்காத ஒன்று நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு சரித்திரம் சொல்லி, அந்தச் சரித்திரத்துக்கு ஏற்றபடி வண்ணம் பூசுகிற இன்னொரு கட்சி இருக்கிறது. அதில் அவர் தீவிர உறுப்பினர். அவருடைய சரித்திரம் இதுதான். வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போகும்போது மூட்டை கட்ட முடியாமல் விட்டுப்போன போர் விமானங்களை ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து ஏலத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிக் கேரளாவுக்கு அனுப்பினார்கள். அப்படித் தொடங்கியதுதான் திண்டுக்கல் விமானப்படை.

செம்பட்டியில் ஓடுதளம். நான் செம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறேன். அந்த மரியாதைக்காக என் கடை இருக்கும் இடத்தைப் பெட்ரோல் கிடங்காக ஆக்கிக்கொடுத்தார். சிறுமலை உச்சியில் கண்காணிப்பு நிலையம், மிளகுத் தோட்டக்காரர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பனிமூட்டம் இறங்கினால் அன்றைக்குப் படைக்கே விடுமுறை. இதையெல்லாம் மச்சான் எழுதி வைத்ததில்லை, வாயால் சொல்வதுதான். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு இறக்கையைத் தேய்த்துக்கொண்டே தொடங்குவார். அக்கா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி குறுக்கு விசாரணை செய்வாள்.

"தக்காளிய அம்புட்டு உசரத்துக்குத் தூக்கிட்டுப் போனா நசுங்காதா?"

"கூடைக்கு அடியில வைக்கோல் போட்டிருக்கு."

"எல்லாத்தையும் பிளேன்ல அனுப்பிட்டா லாரிக்காரங்கள்லாம் என்ன ஆனாக?"

மச்சான் இறக்கையைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். "அவங்கதான் பைலட்டு" என்பார். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்தச் சரித்திரம் செல்லாது, அந்த விமானத்துக்கு வண்ணமும் கிடையாது. படைக்குச் சின்னம் வைக்கும்போது நான் திண்டுக்கல்லுக்குப் பேர் வாங்கித் தந்த பூட்டுப் படம் போடச் சொன்னேன். "பூட்டுப் போட்டா அது எங்க மாப்ளே பறக்கும்?" என்று மச்சான் தள்ளுபடி செய்துவிட்டார்.

அந்தப் படையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் சாகக் கூடாது. அவர் விமானங்களில் துப்பாக்கி உண்டு, சண்டைகூட ஒன்றிரண்டு நடந்திருக்கிறது. ஆனால் விழுந்த விமானத்திலிருந்து விமானி குதித்துத் தென்னந்தோப்பில் இறங்கி இளநீர் குடித்துக்கொண்டிருப்பான். வயதானவர்கள் ஓய்வுபெற்று மலைவாழை போடப் போய்விடுவார்கள். "ஒருத்தனாவது செத்தாத்தான், மச்சான், சரித்திரம்னு நம்புவாங்க" என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "ரோட்டுல அடிபட்டு வாறவங்களை நாள் பூரா படம் எடுத்துட்டு வாரேன். சாயங்காலமும் அதுதானா?" என்றார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சானுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான். இளவயதில் நிஜ விமானப்படையில் சேரப் போய், எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தாண்டியவரிடம் கடைசியில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது. ஊருக்கு வந்து உயரம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டார். ஆறடி ஆள் அப்படிச் சொன்னதை நம்பவும் ஒரு ஊர் இருந்தது. கறுப்பும் வெள்ளையும் போதும் என்று எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தார். கல்யாணத்தன்று அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், பச்சை அவளுக்கு எடுப்பாக இருப்பதாகக் காதோரம் சொல்லியிருக்கிறார். சொன்னது யாரிடம்? கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பிளவுஸ் மேட்சிங் சென்டரில் வேலை பார்த்தவளிடம். புடவையை மேசையில் விரித்தவுடன் அலமாரியைப் பார்க்காமலே கை நீட்டி அந்த நிறத் துணியை எடுக்கிறவள் அக்கா. அவளுக்குப் பச்சையிலேயே கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, இலைப்பச்சை என்று ஒரு கிராமமே உண்டு.

அக்கா அவரைக் கேலி செய்யவும் இல்லை, ஊருக்குச் சொல்லவும் இல்லை. அவர்கள் மகளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் படையில் வண்ணக் கிடங்கு அவள் பொறுப்புக்கு வந்தது. மருத்துவமனையிலிருந்து காலி மருந்துப் பாட்டில்களை மச்சான் கொண்டுவருவார். அக்கா ஹார்டுவேர் கடைப் பெயின்ட்டை வாங்கிக் கலந்து கலந்து பார்த்துத் தனக்குத் திருப்தியான நிறத்தை அதில் ஊற்றி வைப்பாள். மூடியில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி, அழியாமலிருக்க மேலே செலோ டேப். பாசிப்பச்சை, செம்மண், வெங்காயச் சருகு, மயில்கழுத்து. புடவைப் பெயர்களில் போர் வண்ணம் பூசிய படை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். படையின் சின்னத்தையும் கடைசியில் அவள்தான் முடிவு செய்தாள். நீல வட்டத்துக்குள் மஞ்சள் பொட்டு. ஏன் அந்த நிறங்கள் என்று நான் கேட்டபோது, "அது ரெண்டும் அவுகளுக்குத் தெரியும்ல" என்றாள். அவள் மச்சானை எவ்வளவு நேசித்தாள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்பட்டதில்லை.

போன வருடம் அக்கா இறந்துபோனாள். மேட்சிங் சென்டரில் நின்றுகொண்டிருந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மச்சானின் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். அவளுடைய நெஞ்சுப் படத்தை எடுத்தவர் மச்சான். அந்தப் படத்தை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து மகள் சென்னைக்குத் திரும்பிய பிறகு அவர் வேலைக்குப் போனார், வந்தார், ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் பாதி ஒட்டிய ஒரு போர் விமானம் இறக்கையில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தது. அதன்மேல் தூசி படிந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆளில்லாத வீட்டில் எந்தச் சரித்திரம் நடக்கும்? நான் வாரத்துக்கு இரண்டு முறை போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். உரம், மழை, வெயில் தவிர எனக்குப் பேசத் தெரியாது. அந்த இறக்கை ஒட்டப்படும் நாளில்தான் மனிதர் பிழைத்தார் என்று நான் எனக்குள் கணக்கு வைத்திருந்தேன்.

இந்தத் தை மாதம் அவரே கூப்பிட்டார். "மாப்ளே, முடிச்சுட்டேன். செத்த நேரம் வந்துட்டுப் போ." கோயம்புத்தூரில் மாதிரி விமானக்காரர்கள் கூடிக் கண்காட்சி வைக்கிறார்களாம், அதற்குக் கொண்டுபோக லீவும் போட்டுவிட்டாராம். கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். மேசையைத் துடைத்து, நடுவில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் விமானத்தை நிறுத்தியிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் கை இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. வண்ணத்தின் விளிம்பு ஒரு இழைகூடப் பிசகவில்லை. நீலத்துக்குள் மஞ்சள் பொட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தது. மற்றபடி மூக்கிலிருந்து வால்வரை விமானம் செக்கச் செவேல் என்று இருந்தது. செங்கல் சிவப்பில் பட்டை, தக்காளிச் சிவப்பில் பட்டை.

"காட்டுக்கு மேல தாழப் பறக்குற பிளேன்" என்றார். "பாசிப்பச்சையும் செம்மண்ணும் போட்டிருக்கேன். மேல இருந்து பாத்தா சிறுமலையோட சிறுமலையா தெரியாமப் போயிரும். எப்படி இருக்கு?"

எனக்கு உடனே புரியவில்லை. மேசை ஓரத்தில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அக்கா கையெழுத்தில் பாசிப்பச்சை என்று எழுதிய மூடியைத் திறந்தேன். உள்ளே செங்கல். செம்மண் என்ற மூடிக்குக் கீழே தக்காளி. இலைப்பச்சைக்குள் அரக்கு இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் திறப்பதை மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். கண்காட்சியில் முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவில் நின்று அவர் இதைப் பாசிப்பச்சை என்று சொல்வார். உண்மையைச் சொன்னால் இந்தக் கை இனிமேல் தூரிகையைத் தொடுமா என்று தெரியாது. இரண்டுக்கும் பயந்தேன். ஆனால் அவரை ஊர் பார்த்துச் சிரிக்கவிட்டால் அக்கா என்னை மன்னிக்க மாட்டாள் என்று தோன்றியது.

"மச்சான், இது சிவப்பு" என்றேன். "பூரா சிவப்பு. மூடியெல்லாம் மாறிப்போய்க் கெடக்கு."

அவர் பாட்டில்களையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காரியத்தன்னைக்கு வீடு கழுவுனப்ப பெரியக்கா பாட்டில் மூடியெல்லாம் கழட்டிக் கழுவி வச்சுச்சு."

பெரியக்கா என்பது அவருடைய மூத்த சகோதரி. பழனிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருடமாகி, பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகவே மாறிவிட்டவர். அன்றைக்குப் புறவாசலில் உட்கார்ந்து, "பாட்டிலு பூரா ஒரே பிசுக்குங்க தம்பி, இப்பப் பாருங்க பளபளன்னு வச்சுப்போட்டனுங்க" என்று அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லா மூடியும் ஒரே அளவு. கண் பார்த்து நிறம் தெரிகிறவர்களுக்கு எந்த மூடி எதில் இருந்தால் என்ன? பாவம், அந்த அம்மாவுக்குத் தம்பியின் கண்ணைப் பற்றித் தெரியாது. ஆறடித் தம்பிக்கு உயரம் பத்தவில்லை என்று நம்பிய ஊரில் அவரும் ஒருத்தர்.

"நீலத்துல மஞ்ச மூடி இருந்துச்சு" என்றார் மச்சான். "அது ஒண்ணுதான் மாறியிருக்குன்னு நெனச்சு சரி பண்ணிக்கிட்டேன்."

நான் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லா மூடிகளையும் சரியாக மாட்டிவிடலாம் என்றேன். விமானத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி பூச நாள் இருக்கிறது என்றேன். உரக்கடைக்காரன் புத்தி, சரக்கு மாறிப்போனால் மாற்றிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறது. மச்சான் பாசிப்பச்சை மூடியைக் கையில் எடுத்து, அந்த எழுத்தின்மேல் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டேன். சர்க்கரை டப்பாவைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டது. திரும்பி வரும்போது அவர் விமானத்தைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் படைக்குப் பச்சை கெடைக்கல மாப்ளே" என்றார்.

மேசையின் எதிர்ப்பக்கம் அக்கா உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. நான் அதில் உட்கார்ந்தேன். "ஏன் கெடைக்கல?" என்று கேட்டேன்.

"பெயின்ட் ஸ்டோர் பொறுப்புல இருந்தவங்க லீவுல போயிருக்காங்க."

"லீவுல போனா வேற ஆளப் போடணும்ல?"

"அந்த வேலைக்கு வேற ஆளு போடுறதில்ல."

கேள்வியை அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதியில் விட்டால் அந்த வீட்டில் சரித்திரம் செல்லாது. "எப்பத் திரும்பி வாராங்க?" என்றேன்.

மச்சான் விமானத்தை வெள்ளைத் துணியின்மேல் வைத்தார். மூக்கு வாசலைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பினார்.

"லீவு லெட்டர்ல தேதி போடலப்பா" என்றார்.