கேப்டனுக்குக் கிடைத்த முன்பக்க அறை

அந்தப் பயண அலுவலகத்தில் மூன்று மேசைகள். முதல் மேசையில் விமானம், அடுத்ததில் பேருந்து, சன்னலோரத்து மேசையில் கப்பல். கப்பல் மேசையில் இருந்தவளுக்குக் கேப்டன் என்று பேர். விமான மேசைக்காரன் கேலிக்காக வைத்த பேர் அது. அவளோ அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அவள் மேசைமேல் ஒரு முழ நீளத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கப்பல் ஒன்று இருந்தது. ஆள் வந்து நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் பென்சிலின் பின்முனையால் அதைத் தட்டத் தொடங்கிவிடுவாள்.

"இது மூக்கு, இது வாலு, நடுவுல வயிறு. வயித்துல படுத்தா நிம்மதி. மூக்குல படுத்தீங்கன்னா, கப்பல் தும்மறப்பல்லாம் நீங்களும் சேர்ந்து தும்மணும். முன்பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்."

இதைச் சொல்லும்போது அவள் உடம்பு லேசாக முன்னும் பின்னும் போய்வரும். கேட்பவருக்கு அங்கேயே, மின்விசிறிக்குக் கீழேயே, வயிற்றைப் பிரட்டும். ஒருவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே பணம் கட்டிவிட்டுப் போனார். அந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்கள் அத்தனை பேரும் நடுவில் படுத்துத் தூங்கி, நல்லபடியாகத் திரும்பி வந்து, "நீ சொன்னது சரிம்மா" என்று இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். முன்பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. சரி என்று சொல்வதற்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேப்டனுக்கும் தெரியாது. அவள் கப்பலேறியதே இல்லை. இதை அவள் மறைத்தாள் என்று சொல்லிவிட முடியாது. யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொல்லவும் இல்லை. ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டறியாதவர்கள் வீடு விற்கிறார்கள், படுத்த இடத்தை விட்டு அசையாதவர்கள் உடற்பயிற்சி வண்டி விற்கிறார்கள். உலகம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, கப்பல் மட்டும் என்ன பாவம் செய்தது?

அவளுடைய ஞானத்துக்கு மூலம், கப்பல் கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த ஒரு மனிதர். அவர் ஒரே ஒரு முறை முன்பக்க அறையில் படுத்திருக்கிறார். அதைச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் முகம் வெளுத்துத் தண்ணீர் கேட்டார். அந்த ஒருவரின் வயிற்றுக் கலக்கம் கேப்டனின் வாய்வழியாக ஊருக்கே சட்டமாகிவிட்டது.

ஒரு நாள் நர்ஸம்மா வந்தார். பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேப்டனின் மகளை இந்த உலகத்துக்குள் இழுத்துப்போட்டதே அவர் கைதான். ஊரில் பாதிப் பேரைப் பிறந்த கோலத்தில் பார்த்தவர் என்பதால் யாருடைய மிடுக்கும் அவரிடம் செல்லாது.

"கேப்டன், எனக்கு முன்னாடி ரூமா போடு. மூக்குலயே போடு."

"முன்பக்கம் வேண்டாம் நர்ஸம்மா. ஆடும்."

"ஆடட்டுமே. என் சர்வீஸ்ல தலை முன்னாடி வந்தாத்தான் நல்ல கேஸு. கால் முன்னாடி வந்தா எங்களுக்கு வேர்த்துடும். அதனால கப்பல்லயும் தலைப்பக்கம் இருக்கலாம்னு ஒரு ஆசை, அவ்ளோதான்."

கேப்டன் பென்சிலை எடுத்தாள். மூக்கு, வால், தும்மல் எல்லாம் வரிசையாக வந்தன. நர்ஸம்மா கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் கப்பலின் மூக்கைப் பிள்ளைத் தலையைத் தடவுவது போல் தடவினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"நான் முக்குன்னா முக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும். எதுத்துப் பேசறவளக் கண்டாலே எனக்கு ஆகாது. அது என் தொழில், இது உன் தொழில். நீ சொன்னாச் சரி. வயித்துலயே போட்டுடு."

நடுவில் சன்னல் வைத்த அறைகளையெல்லாம் கேப்டன் ஏற்கெனவே விற்றுத் தீர்த்திருந்தாள். மிச்சமிருந்தது சன்னலில்லாத உள்ளறை ஒன்றுதான். "கண்ண மூடிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதானே நர்ஸம்மா" என்று சொல்லி அதையே போட்டுக் கொடுத்தாள்.

இது நடந்து சில வாரங்களுக்குள் கம்பெனியிலிருந்து போன். அந்த வட்டாரத்திலேயே அதிகம் விற்றவள் இவள்தானாம். பரிசாக இவளுக்கும் வீட்டுக்காரருக்கும் இலவசப் பயணம். கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். எந்த அறை என்று கேட்டதும் மறுபடி உட்கார்ந்தாள்.

"முன்பக்கமா? நடுவுல ஏதாவது பாரும்மா."

அந்தப் பக்கத்துப் பெண் சிரித்தாள். "நடுவுல எங்கக்கா இருக்கு? நீங்களே வித்துட்டீங்களே. உங்க ஊர்லேர்ந்து ஒருத்தர்கூட முன்பக்கம் கேக்கறதில்லை. அதான் சும்மா கிடக்கு, உங்களுக்குன்னு."

தேதியைக் கேட்டாள். நர்ஸம்மா போகும் அதே பயணம்.

கேப்டனின் கணவர் தராசு பழுதுபார்ப்பவர். கடைகளுக்குப் போய் தராசைச் சமன்படுத்தி, முள் நடுவில் நின்றால்தான் தேநீரையே வாயில் வைப்பார். வீட்டில் சாப்பாட்டு மேசையின் கால் ஒரு நூல் தூக்கியிருந்தாலும் அட்டையை மடித்து அடியில் கொடுத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

"ஆடற எடத்துல போய்த் தூங்கறதா? நான் வரல."

"சும்மா குடுக்கறாங்கங்க."

"சும்மா குடுக்கறாங்கன்னு பூகம்பத்துல போய்ப் படுப்பியா?"

"நான் தனியாப் போய் அங்க விழுந்து கிடந்தா யாரு தூக்குவா?"

 கணவர் சட்டைப்பையில், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கப்பலில் தங்கள் அறைக் கதவைத் திறந்தவள் பையைத் தோளிலிருந்து இறக்க மறந்து நின்றாள். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குக் கீழே கப்பலின் மூக்கு, பிளாஸ்டிக்கில் அவள் நாள் பூராவும் தட்டிக்கொண்டிருந்த அதே மூக்கு, பச்சை வண்ணம் அடித்த சங்கிலி உருளைகளோடும், ஆள் உயரத்துக்குச் சுருட்டிவைத்த கயிறுகளோடும் ஒரு தெரு அளவுக்கு விரிந்து கிடந்தது. அதன் நுனியில் கடல் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டுக்கொண்டிருந்தது.

கணவர் மேசைமேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். குமிழி நடுவிலேயே உட்கார்ந்திருந்தது.

"நம்ம கடைத்தெரு இதவிட ஆடுமே" என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். சுவரிலிருந்த ஒலிபெருக்கி, "கேப்டன் பேசுகிறேன்" என்றது. அவர் கண்ணைத் திறக்காமலே, "சொல்லு" என்றார்.

கேப்டன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. இவ்வளவு வருஷமாக எத்தனை பேரை இந்தக் கண்ணாடியிலிருந்து துரத்தியிருக்கிறாள். போகட்டும், மற்றவர்கள் கேட்கக்கூட இல்லை. நர்ஸம்மா கேட்டார். அவருக்கு வேண்டாம் என்று சொன்னதைத் தான் எடுத்துக்கொண்டு, அதுவும் ஓசியில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். இது வெளியே தெரிந்தால் ஊரில் அவள் பேச்சை நாய்கூட மதிக்காது. அவளிடம் விற்பதற்கு இருந்ததெல்லாம் அந்தப் பேச்சு ஒன்றுதான்.

தப்பிக்க வழியில்லாமல் மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே மாட்டிக்கொண்டாள். தட்டும் கையுமாக எதிரில் நர்ஸம்மா.

"அட, கேப்டனே கப்பல்ல. சொல்லவே இல்லையே. எந்தப் பக்கம் ரூம்?"

"அதோ, அப்படிப் போனா…" என்று கேப்டன் கையைச் சுழற்றினாள். அந்தச் சுழற்சிக்குள் கப்பல் முழுதும் அடங்கியது, கொஞ்சம் கடலும் அடங்கியது. கணவர் தம்ளரில் காபி மட்டமாக நிற்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என் ரூம் அருமை. துளி ஆட்டம் இல்ல" என்றார் நர்ஸம்மா. "சன்னல் இல்லாட்டி என்ன, டிவியில ஒரு சேனல் வச்சிருக்கான். கப்பல் மூக்குல கேமரா. முன்னாடி கடல் எப்படி வருதுன்னு நாள் பூரா காட்டறான். ஏறினதுலேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சத்தம் மட்டும் வரல. உன் ரூம்ல அந்தச் சேனல் வருதா?"

"வருது நர்ஸம்மா."

"கலர் எப்படி?"

"ரொம்ப… தெளிவா இருக்கு."

"என்னுதுல கொஞ்சம் நீலம் தூக்கல். போகட்டும், நீ மட்டும் தடுக்கலன்னா நான் முன்னாடி போய்ச் சாகக் கிடந்திருப்பேன். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்கா, அவ வாயிலேர்ந்து தப்பா ஒரு வார்த்தை வராதுன்னு."

கேப்டன் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள். நர்ஸம்மா நகர்ந்ததும் கணவர் சொன்னார்: "அந்தம்மா நாலு திட்டு திட்டியிருந்தா நீ ஒழுங்காச் சாப்பிட்டிருப்ப."

அன்று பகல் முழுதும் ஒளிந்து விளையாடினாள். நர்ஸம்மா நீச்சல் குளத்துப் பக்கம் வந்தால் இவள் தூணுக்குப் பின்னால். நர்ஸம்மா மின்தூக்கியில் இருந்தால் இவளுக்குத் திடீரென்று படிக்கட்டின்மேல் ஆசை. அறைக்குள் வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாலோ, எதிரில் வருகிற கடலெல்லாம் கொஞ்சம் நீலம் தூக்கலாகவே தெரிந்தது.

சாயங்காலம் அறைச் சாவி அட்டையை எடுத்துக்கொண்டு நேரே போய் உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் திரும்பலாம், இருவர் சேர்ந்து திரும்ப முடியாது. நர்ஸம்மா இருந்த ஒரே நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டு, காலைக் கட்டில்மேல் நீட்டி, சன்னலோரம் உட்கார்ந்தவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். டிவியில் கடல் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"நர்ஸம்மா, என் ரூம் முன்னாடி இருக்கு. மூக்குல. பரிசுன்னு குடுத்தாங்க."

நர்ஸம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆடுதா?"

"இல்ல."

"அப்ப எனக்கு ஏன் ஆடும்னு சொன்ன?"

"எனக்கு ஒருத்தர் சொன்னாரு."

"அவரு எத்தன தடவ போனாராம்?"

"ஒரு தடவ."

"நீ?"

"இதான் முதல்."

நர்ஸம்மா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அறை சட்டென்று அறையாகிவிட்டது.

"உன்ன மாதிரி நான் வேலை பாத்திருந்தா, உன் பொண்ணு இன்னும் உள்ளதான் இருப்பா."

கேப்டன் சாவி அட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். "மாத்திக்கலாம் நர்ஸம்மா. கவுண்டர்ல கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க."

சேச்சே, வேண்டாம், நீயே இரு என்றெல்லாம் நர்ஸம்மா ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. கேப்டன் வாயை மூடுவதற்குள் செருப்புக்குள் கால் நுழைந்திருந்தது. "பெட்டிய நீ தூக்கிக்கிட்டு வா. அதுதான் உனக்குத் தண்டனை" என்று முன்னால் நடந்தார்.

கணவருக்குத்தான் வருத்தம்; இப்போதுதான் பழகியது என்று முனகினார். உள்ளறையில் விடிந்தாலும் வெளிச்சம் வராது என்று தெரிந்ததும் வருத்தம் பறந்தது. அன்று அவர் தூங்கிய தூக்கத்தை வீட்டில் தூங்கியதே இல்லை.

காலையில் கேப்டன் கண் விழித்தபோது மேசைமேல் தம்ளர் தானாக ஓர் அங்குலம் நகர்ந்து, யோசித்து, திரும்பி வந்தது. கடல் எழும்பியிருந்தது. நடுவில் அவ்வளவுதான், தொட்டிலாட்டம். அப்படியானால் முன்னால்?

அவள் மனசில் முதலில் வந்தது சந்தோஷம் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். ஆடுகிறது. தான் சொன்னது பொய்யில்லை. அடுத்து வந்தது அந்தச் சந்தோஷத்துக்கான வெட்கம். மூன்றாவதாகத்தான் நர்ஸம்மாவின் ஞாபகம் வந்தது. வந்ததும் ஓடினாள்.

நடைபாதை போகப்போக வேறு மாதிரியானது. தரை ஏறிவந்து காலை எதிர்கொண்டது; அடுத்த அடிக்குக் கீழே போய்விட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"தொறந்துதான் இருக்கு. விழாம வா."

நர்ஸம்மா நாற்காலியைக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இறுக்கிச் செருகி, இரண்டு பக்கமும் தலையணை அடைத்து, நடுவில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. மடியில் கப்பல்காரர்கள் கொடுத்த காகிதப் பைகள். கண்ணாடிக்கு வெளியே கப்பலின் மூக்கு வானத்தைப் பார்த்து ஏறியது, ஒரு கணம் நின்றது, பிறகு கடலுக்குள் குப்புற இறங்கியது. நுரை பறந்து வந்து கண்ணாடியில் அறைந்தது.

"நீ சொன்னது சரிதான்" என்றார் நர்ஸம்மா. "ஆடுது. ரெண்டு பை காலி."

"எந்திரிங்க நர்ஸம்மா. நான் புடிச்சுக்கறேன். உங்க ரூமுக்கே போயிடலாம்."

"யாரு வருவா? பாதி வலியில எந்திரிச்சு வீட்டுக்குப் போறேன்னவ ஒருத்தியக்கூட நான் விட்டதில்ல. நான் மட்டும் போவேனா?" அவர் கண்ணை வெளியிலிருந்து எடுக்கவில்லை. "அந்தா வருது பாரு, இது பெருசு. அப்பா, என்ன அழகா வருது."

கேப்டன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மூக்கு ஏறியது. அவளும் ஏறினாள். அவள் சொல்லச் சொல்ல ஊர் மனப்பாடம் செய்து வைத்திருந்த அத்தனையும் ஒவ்வொன்றாக வயிற்றில் நடக்கத் தொடங்கியது.

"நர்ஸம்மா, ஊருக்குப் போய் நான் என்னன்னு சொல்றது? நல்லா இருக்குன்னா, ஆடுதுன்னா?"

நர்ஸம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிரசவ அறையில் எத்தனையோ முகங்களை அளந்த பார்வை அது.

"பேசாத. பைய எடு."

நர்ஸம்மாவுக்குத்தான் என்று நினைத்து, மடியிலிருந்து ஒரு பையை எடுத்து விரித்து நீட்டினாள் கேப்டன். நர்ஸம்மா அதை வாங்கி அவள் வாய்க்கு நேரே பிடித்தார். நல்ல நேரத்தில் பிடித்தார். கப்பல் இறங்கியது.

முடிந்ததும் அவள் முதுகை நீவிக்கொடுத்து, ஈரத்துணியால் வாயையும் துடைத்துவிட்டு நர்ஸம்மா சொன்னார்:

"ஆச்சு. இனிமே நீ கப்பல் விக்கலாம்."