சைக்கிள்கடை அக்காவின் அடுப்பு

அந்தத் தெருவில் அவளுக்குச் சைக்கிள்கடை அக்கா என்றுதான் பெயர். டியூபில் காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பதிலேயே அவளுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேலி பேசியவர்களும் பஞ்சர் என்றால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் சரி, சாக்கடையும் சரி, அவளுக்கு ஒன்றுதான். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் காற்றில் அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த புருஷன் வாசலிலேயே வாடை பிடித்து, ஓடிப்போய் மூடினார்.

அன்று பிடித்தது சனி. தினமும் காலையில் பஸ் ஓட்டக் கிளம்புமுன், சமையலறைச் சுவரில் கேஸ் குழாய்மேல் இருக்கும் வால்வை ஸ்பேனர் போட்டு இறுக்கி மூடிவிட்டுத்தான் போவார். சாயங்காலம் வந்து அவரே திறப்பார். அவர் கண்முன்னால் மட்டும்தான் அவள் சமைக்கலாம். ஸ்பேனர் அவளிடமும் இருந்தது, ஒளித்துத் திறக்கத்தான் மனம் வரவில்லை. தனியாளாக ஒரு கடையையே கட்டி மேய்க்கிறவள், ஒரு வாய் காப்பி போடப் புருஷன் வரும்வரை காத்திருக்க வேண்டும்!

"மூக்குதானங்க போச்சு, மூளை போகலையே?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"உயிர் போனா வருமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் பயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

வீட்டுக்குப் பின்னால், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கேஸ் கிரில் ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சிலிண்டரில் எரிவதில்லை, மீட்டரிலிருந்து தனிக் குழாய் இழுத்து, வீட்டுக்கு வரும் லைன் கேஸிலேயே எரிவது. பெரிய மூடி, உள்ளே நான்கு பர்னர், மேலே வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு. எல்லாம் துரு. ஒரு விடுமுறை நாளில் அவள் தார்ப்பாயை உருவிப் போட்டாள். திறந்த வெளியில், எல்லாரும் பார்க்க, ஒரு வேளைச் சமையல் முழுவதையும் இதில் செய்து காட்டுவது. அதற்கப்புறம் சமையலறை தன் கைக்கு வந்தே தீர வேண்டும். அவள் முடிவு செய்துவிட்டாள்.

விஷயம் காதில் விழுந்ததும் நாத்தனார் வந்து இறங்கினாள். வால்வை மூடும் யோசனையைத் தம்பிக்குக் கொடுத்த புண்ணியவதி அவள்தான்.

"வாடையே தெரியாம நெருப்புகிட்ட நிக்கப்போறியாம்மா? உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"நெருப்ப நான் கண்ணால பாத்துக்கிறேன் அண்ணி. ஞாயித்துக்கிழம சாப்பிட வந்துடுங்க."

கடையை அடைத்த பிறகு மிச்சமிருந்த வெளிச்சமெல்லாம் கிரில்லுக்குப் போனது. யார் யாரோ தின்று தீர்த்த கோழிகளின் கொழுப்பு உள்ளே கெட்டியாக அப்பிக் கிடந்தது. டயர் கழற்றும் லீவரால் அதை நெம்பி எடுத்தாள். கம்பித்தட்டை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றது. பர்னர் குழாய்க்குள் சிலந்திகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டு அடைப்பை எடுத்தாள். மூக்கு வேலை செய்யாததில் ஒரு நன்மை, அந்த ஊசல் நாற்றம் அவளை ஒன்றும் செய்யவில்லை. எட்டிப் பார்த்த புருஷன்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

குழாய் வேலைக்கு மட்டும் கேஸ் மெக்கானிக்கை வரவழைத்தாள். வெடித்த ஹோஸை மாற்றியவன் பர்னர் வாயைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, எவனோ இதுல கேஸ் பீச்சுற ஜெட்ட, சிலிண்டருக்கு உள்ளத மாட்டி வச்சிருக்கான். லைன் கேஸுக்கு அழுத்தம் கம்மி, ஓட்டை பெருசா இருக்கணும். அப்புறம் சரியா எரியலன்னு விட்டுட்டுப் போயிருப்பாங்க."

ஜெட் மாறியது. மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு குமிழி கிளம்பவில்லை. பற்றவைத்ததும் தீ மஞ்சளாக ஆடியது. காற்று வரும் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க, நீலமாகி நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். அக்கா எதையும் கண்டுகொள்ளவில்லை. காய்ந்த கம்பிகளில் எண்ணெய் தடவி, கோழித்துண்டுகளை அடுக்கி, ஓரத்தில் சோளமும் கத்தரிக்காயும் வைத்தாள். கொழுப்புச் சொட்டித் தீ எகிறினால், பதறாமல் துண்டை நகர்த்தினாள். ஈரம் வற்றும்போது சத்தம் மெலிந்து வரும். காதைக் கொடுத்துக் கேட்டுத் திருப்பினாள். ஒன்றுகூடக் கருகவில்லை. நாத்தனார் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினாள். அப்புறம் தண்ணீர் எடுக்க உள்ளே போனவள் அலறிக்கொண்டே வந்தாள்.

"கேஸ் வாடை அடிக்குதுடா தம்பி! நான் அப்பவே சொன்னேன்ல!"

எல்லார் பார்வையும் கிரில்மேல். இன்றோடு எல்லாம் போச்சு என்றே அக்கா நினைத்தாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கிரில்லை அணைத்து, சோப்புத் தண்ணீரை எடுத்து எல்லா மூட்டிலும் தடவினாள். ஒன்றுமில்லை.

"சுவிட்சு எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சமையலறை சன்னல்களைத் திறந்து, அங்கிருந்த குழாயில் தடவிக்கொண்டே போனாள். சுவர் வால்வின் கழுத்தில் குமிழி ஒன்று உப்பியது. உடைந்தது. மறுபடியும் உப்பியது. வெளியே போய் மீட்டரோடு கேஸை அடைத்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

அவன் வந்து பார்த்தான். "இத யாருண்ணே தெனமும் திருகுறது? ஆத்திர அவசரத்துக்கு மூடத்தான் இந்த வால்வு. தெனம் ஸ்பேனர் போட்டு இறுக்குனா தேஞ்சு கசியத்தான் செய்யும்."

நாத்தனாருக்குத் திடீரென்று வீட்டில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. புது வால்வைப் போட்டுவிட்டு மெக்கானிக் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கொஞ்ச நாளாவே லேசா வாடை வந்துச்சு. உன் கிரில்லதான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"உனக்குத்தான் தெரியாதே..."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வாடைதாங்க எனக்குத் தெரியாது. கசிவு எங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியும். ஊரே அதுக்குத்தான் எங்கிட்ட வருது. நீங்க மட்டும்தான் வரல."

 

மறுநாள் கிளம்புமுன் சமையலறைக்கு வந்தார். வால்வைத் தொடவில்லை. குழாய்ப் பக்கம் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"வாடை இல்லம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீட்டில் வேறு யாருமில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்து, காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். அன்று கடையைத் தாமதமாகத்தான் திறந்தாள்.