ஏழுமலை மாமாவுக்காக

எட்டு வயதில் ஆண்டவரையே ஏமாற்றப் பார்த்தவள் நான். மாலை ஜெபத்தில் முதலில் பிறருக்காக வேண்டிவிட்டுத்தான் சொந்த விண்ணப்பத்துக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நானும் மிகுந்த பக்தியோடு, தம்பிக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்று கேட்பேன். தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

அந்த வருடம் அப்பா ஓட்டிய கம்பெனி வேன், படாளம் அருகே சாலையைக் கடந்த ஒருவர்மீது மோதிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவைச் சிறையில் போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசியதை ஒட்டுக்கேட்டேன். அன்றிலிருந்து உருகி உருகி ஜெபித்தேன். அந்த மாமா பிழைக்க வேண்டும், அப்பா சிறைக்குப் போகக் கூடாது. ஒருநாள் அம்மா பாதியிலேயே நிறுத்தினாள்.

"நீ அவருக்காகப் பண்றியா, அப்பாவுக்காகப் பண்றியா? அவரு பேராவது தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அப்பாவிடம் கேட்கவும் பயம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த நாள்முதல் அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிலர் ரொட்டியும் பழமும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டில் கட்டிலாக நின்று ஜெபித்துவிட்டு வருவார்கள். அந்த வாரம் அம்மாவும் என்னை அழைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டாள். நாங்கள் யார் என்று அங்கே மூச்சுவிடக் கூடாது என்று பஸ்ஸிலேயே எச்சரித்தாள்.

தலையில் பெரிய கட்டோடு அவர் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கலைந்த குங்குமத்தோடு. ஜெபிக்கலாமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எந்த சாமியா இருந்தா இன்னாக்கா, பண்ணுங்க. அவரு பேரு ஏழுமலை."

அம்மா ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள். குழந்தை ஜெபிக்கட்டும் என்று கூட வந்தவர்கள் என்னை முன்னே தள்ளினார்கள். கண்ணை மூடிவிட்டால் பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான்.

"ஆண்டவரே, எங்கப்பா வேன்ல அடிபட்ட ஏழுமலை மாமாவ..."

தோளில் அம்மாவின் விரல்கள் இறுகின. கண் திறந்தேன். அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை விழப்போகிறது என்று கழுத்தை இழுத்துக்கொண்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு வெகுநேரம் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"முடிச்சிடு பாப்பா. பாதியில வுடாத."

மாமாவுக்குத் தலை வலிக்கக் கூடாது, எழுந்து சோறு சாப்பிட வேண்டும், இந்த அக்கா இனி அழக் கூடாது என்று ஏதேதோ கேட்டேன். அழுகையில் வேறொன்றும் ஞாபகம் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவர் கண் விழித்தார். ஆனால் அன்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு அது எப்படித் தெரியும்? மதியம் தாண்டியும் பசிக்கவே இல்லை. அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே சொன்னேன்.

"அப்பாவுக்காகக் கேக்க மறந்துட்டேம்மா."

அம்மா என்னை மடியில் சாய்த்துக்கொண்டு தலையைத் தடவினாள். அப்பாவைக் காப்பாற்றக் கிடைத்த ஜெபத்தை வீணடித்துவிட்டேன் என்று வீடு வந்து சேரும்வரை நான் விம்மிக்கொண்டே இருந்தேன்.