ஞாயிற்றுக்கிழமை வராத இருமல்

கடைசல் தொழிலில் இரும்பின் சூடு தணிய ஊற்றுகிற கூலன்ட்டில் பாதி தொட்டிக்குத் திரும்பும். மீதி பனியாக எழுந்து நம் மூக்கைத் தேடி வரும். வில்லியனூர் பக்கம் ஒரு சிஎன்சி பட்டறையில், படிப்புக்காக ஆறு மாதம் உருப்படி அளக்கும் வேலை பார்த்தேன். சட்டையில் அந்த வாடையோடு பஸ் ஏறுகிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

திங்கட்கிழமைத் தொட்டி

ஞாயிறு மெஷின் ஓடாது. தொட்டியில் தேங்கிய கூலன்ட் கெட்டுப்போய், திங்கள் காலை ஷட்டரைத் தூக்கியதும் அழுகிய முட்டை வாடை அடிக்கும். சூப்பர்வைசர் தனசேகர் அண்ணன் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கைநிறையக் கற்பூரத்தைத் தொட்டியில் போடுவார். "வாடைதாண்ணே மறையும், கிருமி அப்படியே இருக்கும். மெஷின் ஓடினா அதைத்தானே எல்லாரும் மூச்சுல இழுக்கிறோம்?" என்று சண்டைக்குப் போனேன்.

"இன்னாம்மா நீ, கோயில்ல கற்பூரம் ஏத்துனா கண்ணுல ஒத்திக்கிற, இங்க போட்டா கேள்வி கேக்குற?"

ஏர் கன்

என் மேசைக்கு எதிர் மெஷின் தேவகி அக்காவுடையது. பாகூரிலிருந்து வருபவர், இரண்டு பெண்களை அந்தச் சம்பளத்தில்தான் படிக்கவைக்கிறார். மெஷின் நின்ற மறுகணமே கதவைத் திறந்து, உருப்படியைக் காற்றடிக்கும் ஏர் கன்னால் ஊதுவார். உள்ளே இருந்த பனி முழுக்க அவர் முகத்தில்தான் இறங்கும். கொஞ்சம் பொறுத்துத் திறக்கலாமே என்றால், உருப்படி குறைந்தால் திட்டு விழும் என்பார். துணி மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மதியத்துக்குள் அது எண்ணெயில் ஊறிவிட்டது.

"போட்டா மூச்சு முட்டுது, போடலன்னா இருமுது. எதுல சாவட்டும், படிச்சவ நீயே சொல்லுடி."

பாகூர் பஸ்

ஐப்பசிக்கு முன்னாலேயே அக்காவின் இருமல் மோசமாகிவிட்டது. நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். ஒருநாள் சாயங்காலம் அவரோடு பஸ்ஸில் போனேன். அவர் இருமிய இருமலில் பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சொம்மா குந்துடி. இருமுனாத்தான் நமக்கெல்லாம் சீட்டு கிடைக்குது."

டாக்டர் கேட்ட கேள்வி

மறுநாள் தனசேகர் அண்ணன், காசநோயாக இருக்கும், பார்த்துவிட்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். அக்கா பயந்துபோனார். அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். காசம் இல்லை. எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. டாக்டர் என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை இருமல் இருக்கா?" என்றார். "அன்னிக்கு இரும எங்க சார் நேரம், துணி துவைக்கவே சரியா இருக்கு" என்ற அக்கா, சட்டென்று நிறுத்தி யோசித்தார். இல்லைதான், ஞாயிறும் லீவு நாளும் இருமியதே இல்லை. மெஷின் பனிதான் ஒத்துக்கொள்ளவில்லை, சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று, அதைவிட்டு விலகி நின்றால் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

"அப்ப வைத்தியம் எனக்கு இல்ல சார், கம்பெனிக்குத்தான் பாக்கணும்."

ஆயுத பூஜை

டாக்டர் சொன்னதைக் கேட்டு அக்காவை என் அளவு மேசைக்கு மாற்றினார்கள். அந்த வாரமே ஆயுத பூஜை. வருஷம் முழுக்கத் தொடாத தொட்டியை அன்று மட்டும் வழித்து, அடியில் கிடந்த கசடை அள்ளி, தேய்த்துக் கழுவிப் புது கூலன்ட் ஊற்றுவார்கள். லீவு முடிந்து வந்தால் பட்டறையில் வாடையே இல்லை, ஒருத்தரும் இருமவில்லை. விடுவேனா? நேரே முதலாளியிடம் போனேன். சாமிக்காகக் கழுவுகிற தொட்டியை மனுஷனுக்காகவும் கழுவினால் என்ன, பனியை வெளியே இழுக்க ஃபேன் வைத்தால் என்ன, பனி அடங்கும்வரை கதவைத் திறக்காமல் இருந்தால் என்ன என்று அவரை எழுந்திருக்கவே விடவில்லை. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரிம்மா, மாசாமாசம் கழுவுறோம், ஃபேனும் மாட்டுறோம். கொஞ்சம் நிறுத்து, கேக்குற எனக்கே மூச்சு வாங்குது."

மாட்டினார்கள், கழுவினார்கள், தேவகி அக்காவின் நெஞ்சும் தெளிந்துவிட்டது. ஆனாலும் மெஷினுக்குக் கேட்காமலே கிடைக்கிற மரியாதையை அதன் முன்னால் நிற்கிறவருக்கு வாங்கித் தர இவ்வளவு வாய் வேண்டியிருக்கிறது.